கொள்ளு ரசத்துக்குப் பின்னால் ஒளியும் பட்டினி: கொங்கு நாட்டில் அனோரெக்ஸியா

மதியம் அரிசிம்பருப்புச் சோறு. தட்டில் ஒரு கரண்டி விழுந்ததும் அந்தப் பெண் அதை விளிம்புவரை பரப்பிவிடுகிறாள். பரப்பினால் நிறைய இருப்பதுபோலத் தெரியும். மேலே விட்ட நெய்யை மெதுவாக ஓரத்துக்குத் தள்ளுகிறாள். கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுக்கிறது. நடுவில் மூன்று டம்ளர் தண்ணீர். கடைசியில் பாதிச் சோறு குப்பைக்கூடைக்குப் போகிறது. ஆனால் அதே பெண்தான் அடுப்படியில் நின்று எல்லோருக்கும் ஒப்புட்டு தட்டிப் போடுகிறாள், "தம்பிக்கு இன்னொண்ணு வைங்கம்மா" என்று சொல்கிறாள், யூடியூபில் இரவு ஒரு மணி வரை சமையல் வீடியோ பார்க்கிறாள். தான் மட்டும் ஒன்றையும் வாயில் போடுவதில்லை.

இந்த நோய்க்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்ற பெயரை 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் முன்வைத்தார். அதே ஆண்டில் பாரிசில் சார்லஸ் லசேக் இதே நோயை வேறொரு பெயரில் விவரித்தார். அனோரெக்ஸியா என்றால் கிரேக்க மொழியில் பசியின்மை. அந்தப் பெயர்தான் இன்றுவரை குழப்புகிறது. இந்த நோயில் பசி எங்கும் போவதில்லை. வயிறு கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதை அடக்கிக் காட்டுவதில்தான் நோயாளியின் மனம் முழுக்கச் சிக்கிக் கிடக்கிறது. இது புரியாத வீட்டில் பசி எடுக்க டானிக் வாங்கிக் கொடுப்பார்கள், அது வேலை செய்யாது.

மருத்துவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் நோயை உறுதி செய்வார்கள். தேவையைவிட மிகக் குறைவாகச் சாப்பிட்டு எடை இறங்குவது, எடை ஏறிவிடுமோ என்ற தீராத பயம், தன் உடம்பைத் தானே தவறாகப் பார்ப்பது. மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் எடுத்துவிட்டது. விலக்கு ஒழுங்காக வருகிறது என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

எடைக் கணக்கு எளிது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. வரும். 155 செ.மீ. உயரமுள்ள, 18 வயது தாண்டிய பெண் 38 கிலோ இருந்தால் 15.8. பெரியவர்களுக்கு 18.5-க்குக் கீழே போனாலே எடை குறைவு. அந்த உயரத்துக்கு அது சுமார் 44.5 கிலோ. 17-க்குக் கீழே நடுத்தரம், 16-க்குக் கீழே கடுமை, 15-க்குக் கீழே அதிதீவிரம். 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. இந்தியக் குழந்தை மருத்துவ சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் அவள் இதுவரை எந்தக் கோட்டில் வளர்ந்து வந்தாள் என்று பார்க்க வேண்டும். 13 வயதில் 40 கிலோ இருந்தவள் 15 வயதில், உயரம் கூடிய பின்பும், அதே 40 கிலோவில் நின்றால் அதுவும் இழப்புதான். இன்னொன்று: 72 கிலோவிலிருந்து ஐந்து மாதத்தில் 52 கிலோவுக்கு வந்தவளைப் பார்த்து ஊரே பாராட்டும். நாடித்துடிப்பு இறங்கி, விலக்கு நின்று, அவளும் ஒல்லியான நோயாளிக்குச் சமமான ஆபத்தில் இருக்கலாம்.

எத்தனை பேருக்கு?

2021-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய்க்கு ஆளாகும் பெண்கள் 4 சதவீதம் வரை, ஆண்கள் 0.3 சதவீதம் வரை. அதற்கு முன்பு, கடுமையான பழைய அளவுகோலை வைத்து அமெரிக்காவில் எடுத்த கணக்கில் பெண்கள் 0.9, ஆண்கள் 0.3. நோய் ஒன்றுதான், வரையறையைத் தளர்த்தினால் எண் ஏறுகிறது. புதிதாக நோய்வாய்ப்படுவோர் விகிதம் மேலைநாடுகளில் பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறது; 15 வயதுக்குக் கீழே மட்டும் ஏறுகிறது.

எண்ணிக்கையில் சிறிய நோய், சாவில் பெரியது. 2011-இல் வெளியான தொகுப்பாய்வு, அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் இந்த நோயாளிகளின் இறப்பு விகிதம் ஏறக்குறைய ஆறு மடங்கு என்றது. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர்.

நம் நாட்டுத் தகவல் சிதறிக் கிடக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே மனநலச் சிகிச்சைக்கு வந்த சிறுவர், வளரிளம் பருவத்தினரில் 1.25 சதவீதம் பேருக்கு உணவுக் கோளாறு. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் மனக்காரணத்தால் வாந்தி எடுப்பவர்கள், அனோரெக்ஸியா சிறுபான்மை. 2012-இல் பெங்களூரு மனநல மருத்துவர்களிடம் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உணவுக் கோளாறு நோயாளி ஒருவரையாவது பார்த்திருந்தார்கள்.

கேட்கும் கேள்வியே சில சமயம் வழி தவறும். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் மேலைநாட்டு வினாத்தாளைக் கொடுத்தார்கள். 29 சதவீதம் பேர் 'சந்தேகம்' என்ற எல்லைக்கு மேல் மதிப்பெண் வாங்கினார்கள். விசாரித்தால், உணவைக் கட்டுப்படுத்துவது பற்றிய கேள்விகளைப் பிள்ளைகள் விரதத்தை நினைத்துக்கொண்டு நிரப்பியிருந்தது தெரிந்தது. மறுபக்கம், ஹாங்காங்கில் சிங் லீ என்ற மருத்துவர் பார்த்த 70 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் 'குண்டாகிவிடுவேன்' என்று சொல்லவே இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை என்றார்கள். எடை பயத்தை மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள். வினாத்தாள் ஒரு பக்கம் இல்லாத நோயைக் காட்டியது, மறுபக்கம் இருக்கும் நோயை மறைத்தது. நம் பக்கம் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

எங்கே ஒளிகிறது?

கோவையிலோ ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ ஒரு பெண் எளைத்துப்போனால் முதலில் வரும் சொல் 'கேஸ் டிரபிள்', அடுத்தது 'அல்சர்'. இரண்டுக்கும் அடித்தளம் இருக்கிறது. பட்டினி கிடந்தால் இரைப்பை உணவைக் கீழே தள்ளும் வேகம் குறைகிறது, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு கல்லாட்டம் இருக்கிறது. எண்டோஸ்கோபி எடுப்பார்கள், லேசான புண் தெரியும், மாத்திரை தருவார்கள், ஆறு மாதம் போய்விடும்.

அடுத்தது நீர்க்கட்டி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விலக்கு தள்ளிப்போகிறது என்று ஸ்கேன் எடுத்தால், கருமுட்டைப் பையில் சிறு கட்டிகள் போலத் தெரிகின்றன, 'எடையைக் குறைங்க' என்ற அறிவுரை வருகிறது. எடை கூடிய பெண்ணுக்கு அது சரியான அறிவுரையாக இருக்கலாம். ஆனால் சிலர் நோய்க்குள் இறங்கும் முதல் படியும் அதுதான். அதைவிட மோசமானது தலைகீழாக நடப்பது: பட்டினியால் மூளை சினைப்பைக்கு அனுப்பும் ஹார்மோன் கட்டளை அடங்கி விலக்கு நிற்கிறது. அப்போதும் ஸ்கேனில் அதே மாதிரி சிறு கட்டிகள் தெரியக்கூடும். ஸ்கேனை மட்டும் நம்பினால், எடை ஏற வேண்டிய பெண்ணிடம் 'இன்னும் குறை' என்று சொல்லிவிடுவார்கள். விலக்கு நிற்பதற்கு முந்தைய ஓர் ஆண்டின் எடை விவரமும், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடயால் என்ற ஹார்மோன்களுக்கான இரத்தப் பரிசோதனையும் சேர்ந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். பட்டினியில் இந்த மூன்றும் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும்.

மூன்றாவது விரதம். பழனி, சென்னிமலை, சிவன்மலை, மருதமலை என்று முருகனைச் சுற்றி வாழும் ஊர்கள் இவை. சஷ்டி, கிருத்திகை, புரட்டாசி சனி என்று விரதம் நம் வாழ்க்கையின் சாதாரண பகுதி, யாருக்கும் அதனால் நோய் வருவதில்லை. நோயையும் விரதத்தையும் பிரிப்பது அதன் முடிவுதான். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் இருப்பவர் ஏழாம் நாள் இலை போட்டு வயிறாரச் சாப்பிடுவார், வீட்டோடு சேர்ந்து இருப்பார். நோயாளியின் விரதம் முடிவதில்லை. ஒரு சாமிக்கு இருந்தது இன்னொரு சாமிக்கு நீளும், பிரசாதமும் மறுக்கப்படும், தனியே நடக்கும். நல்ல நாளில் ஒரு ஒப்புட்டு சாப்பிட்டதற்கு மறுநாள் முழுப் பட்டினி போட்டு ஈடுகட்டினால் அதில் பக்தி இல்லை.

நான்காவது படிப்பு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் விடியற்காலை எழுப்பி இரவுவரை படிக்க வைக்கிறார்கள். சாப்பாட்டு மணிக்கு வரிசையில் நிற்காமல் நோட்டோடு உட்கார்ந்திருப்பவளை 'பொறுப்பான புள்ளை' என்றுதான் பார்ப்பார்கள். நூறு பேர் சாப்பிடும் கூடத்தில் ஒருத்தி என்ன சாப்பிட்டாள் என்று கவனிக்க ஆளில்லை. பெற்றோர் மாதம் ஒருமுறை பார்க்கிறார்கள். நோய் தொடங்கும் வயதும் விடுதிக்குப் போகும் வயதும் ஒன்றேதான்: பதினான்கு முதல் பத்தொன்பது வரை.

தமிழகத்தில் எடை குறைவான பெண்கள் எல்லோரும் இந்த நோயாளிகள் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 12.6 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே. நூற்பாலை விடுதியில் ஷிப்டுக்கு ஓடும் பெண் சாப்பிடாமல் போவது நேரமும் நல்ல சாப்பாடும் கிடைக்காததால். அவளுக்குத் தேவை சோறு, ஓய்வு, இரும்புச்சத்து. அவளிடம் எடை பயம் தேடக் கூடாது.

சமூகம் எங்கே வருகிறது?

அதே ஆய்வில் எடை கூடிய பெண்கள் 40.4 சதவீதம். இரண்டு எண்களும் ஒரே மாநிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் விஷயம். கம்மஞ்சோறும் ராகிக்களியும் தின்று காட்டில் வேலை செய்த அமுச்சிகளுக்கு உடம்பு 'பூசினாப்புல' இருப்பது செழிப்பின் அடையாளம். அந்தச் சொல் அவர்கள் வாயில் பாராட்டு. பேத்திக்கு அது வசை. ஒரே சொல் இரண்டு தலைமுறைக்குள் தலைகீழானது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி இரண்டு பக்கமும் பார்த்தது. இன்று எள்ளை யாரும் சொல்வதில்லை. கொள்ளு ரசம், கொள்ளு சூப், கொள்ளுக் கஞ்சி என்று ஒரு பாதி மட்டும் ரீல்ஸில் ஓடுகிறது.

பீஜி தீவில் நடந்த ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. அங்கும் பருத்த உடம்புதான் மரியாதை. 1995-இல் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அந்த ஆண்டு எடையைக் குறைக்க வாந்தி எடுத்ததாகச் சொன்ன பள்ளி மாணவி ஒருத்தியும் இல்லை, 1998-இல் 11.3 சதவீதம். ஆய்வு செய்த ஆன் பெக்கரிடம் பிள்ளைகள் அழகைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒல்லியாக இருந்தால் நல்ல வேலை கிடைக்கும், முன்னேறலாம் என்றார்கள். கரீபியனில் குராசோ தீவில் பெரும்பான்மைக் கறுப்பினப் பெண்களிடம் ஒரு நோயாளியும் கிடைக்கவில்லை. நோய் வந்தவர்கள் படிப்பும் பயண வசதியும் பெற்று, மேல்தட்டில் இடம்பிடிக்க முயன்ற கலப்பினப் பெண்கள். இரு இடத்திலும் நோய் வந்தது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் வைத்தவர்களிடம்.

தறி ஓட்டியும் லாரி ஓட்டியும் கோழிப்பண்ணை வைத்தும் மேலே வந்த குடும்பங்களில், வீட்டின் முதல் டாக்டர் ஆக வேண்டியவள் அந்தப் பெண். மதிப்பெண் அவள் கையில் முழுக்க இல்லை, நீட் இல்லை, வரன் இல்லை. தட்டு மட்டும் அவள் கையில் இருக்கிறது. எடைக் கருவியில் தினமும் குறையும் எண், தேர்வு முடிவைவிட நம்பகமானது. சிலருக்கு நோயின் பிடி அங்கேதான் இறுகுகிறது.

கல்யாணப் பேச்சையும் விட முடியாது. பெண் பார்க்க வருகிறவர்கள் பவுனையும் பேசுவார்கள், உடம்பையும் பேசுவார்கள், இரண்டையும் பெண் காதுபடவே. வாட்ஸ்ஆப்பில் போகும் ஜாதகக் குறிப்பில் உயரமும் நிறமும் வந்து, இப்போது எடையும் சேர்கிறது. 'மாப்பிள்ளை வீட்டார் வர்றதுக்குள்ள ஒரு அஞ்சு கிலோ' என்று தொடங்கும் டயட்டுகளில் பெரும்பாலானவை பத்து நாளில் நின்றுவிடும். சிலருக்கு நிற்பதில்லை.

ஏன் சிலருக்கு மட்டும்? இரட்டையர் ஆய்வுகளின்படி, இந்த நோய்க்கான சாய்வில் ஏறத்தாழ பாதி மரபு வழி. 2019-இல் ஏறக்குறைய 17,000 நோயாளிகளின் மரபணுக்களை அலசியபோது நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்கள் கிடைத்தன. மனத்தோடு மட்டுமல்லாமல் உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் நோய்க்கு மரபுத் தொடர்பு இருப்பதும் தெரிந்தது. அந்தச் சாய்வு உள்ளவர் எடை இறங்கத் தொடங்கிவிட்டால், பட்டினியே மீதியைச் செய்யும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45-இல் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை மணிக்கணக்கில் அளைந்தார்கள், ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். அரிசிம்பருப்புச் சோற்றைப் பரப்பும் பெண் செய்வதில் பாதி, பட்டினி கிடக்கும் எந்த மனிதனும் செய்வது. அதனால் 'பெத்தவங்க வளத்த லட்சணம்' என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். ஜிம், 'சிக்ஸ் பேக்', வெறும் முட்டை வெள்ளைக்கரு என்ற வேஷத்தில் வருவதால் இன்னும் தாமதமாகத் தெரியும்.

வீட்டில் என்ன பார்ப்பது, எங்கே தவறுகிறது?

ஐந்து நிமிடம் படுக்க வைத்து, மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணுங்கள். பகலில் விழித்திருக்கும்போது 50-க்குக் கீழே என்றால் அன்றே மருத்துவமனை. பிறகு நிற்க வைத்து இரண்டு நிமிடம் கழித்து எண்ணுங்கள். வளரிளம் பருவத்தில் 40-க்கு மேல், பெரியவர்களுக்கு 30-க்கு மேல் கூடினாலும் அதே. உடல் சூடு 96 டிகிரிக்குக் கீழே, மேல் இரத்த அழுத்தம் 90-க்குக் கீழே, மயக்கம் போட்டு விழுதல், இவையும் காத்திருக்கக் கூடாதவை. மெல்லிய பூனைமுடி, சில்லிட்ட கை, கொத்துக்கொத்தாக முடி கொட்டுதல், சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போதல், விரல் மூட்டில் தழும்பு, இவற்றைக் கண்டால் ஒரு வாரத்துக்குள் காட்ட வேண்டும். சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம், சர்க்கரை, ஈ.சி.ஜி. கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. உடம்பு கடைசிவரை இரத்த அளவுகளைச் சமாளித்துக் காட்டும்.

நம் ஊரில் அதிகம் நடக்கும், உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று. சோர்ந்து விழுந்த பெண்ணைப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போய் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க' என்பது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் சர்க்கரை திடீரென இறங்கினால் இன்சுலின் எழுந்து பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவை சரிந்து இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசை தளரும். பத்து நாளுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் சாப்பிடாதவர், பி.எம்.ஐ. 16-க்குக் கீழே உள்ளவர், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர் யாராக இருந்தாலும் முதலில் தயமின் (பி1 வைட்டமின்), பிறகு அளந்து உணவு, முதல் வாரம் அடிக்கடி இரத்தப் பரிசோதனை. அது மருத்துவமனையில் நடக்க வேண்டியது.

அந்தக் கட்டம் தாண்டியதும் வளரிளம் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருவது குடும்பத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது; ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் சுமார் 20 அமர்வுகள். என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்ற முடிவைப் பெற்றோர் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்வதே அதன் முதல் கட்டம். மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று வேளை பலகாரம். பக்கத்தில் உட்கார வேண்டும், முடித்தபின் ஒரு மணி நேரம் உடனிருக்க வேண்டும். அம்மா ஒருத்தி தலையில் கட்டினால் பத்து நாளில் அவர் உடைந்துவிடுவார்; தறிக்கூடத்தில் இருக்கும் அப்பாவும் ஒரு வேளையாவது வந்து உட்கார வேண்டும். திட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது. "அம்மிணி, இது உனக்கு மருந்து. முடிக்கிற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன் கண்ணு" என்பது போதும், அதையே இருபது முறை சொல்ல வேண்டிவரும்.

வயிறு சீக்கிரம் நிரம்புவதால் சிறிய அளவில் சத்து அடர்ந்திருக்க வேண்டும். களியில் ஒரு மேசைக்கரண்டி நெய் சுமார் 120 கலோரி. 100 கிராம் நிலக்கடலை 560-க்கு மேல். தேங்காய்ப்பால் விட்ட சந்தகை, முட்டை, தயிர். ரசமும் மோரும் வயிற்றை நிரப்பிவிடும், எடை ஏற்றாது. வீட்டில் இருக்கும்போது வாரம் அரைக் கிலோ ஏறினால் நல்ல வேகம். வாரம் ஒருமுறை, ஒரே எடைக் கருவியில், சிறுநீர் கழித்தபின், மெல்லிய உடையில் பாருங்கள். முன்கூட்டியே இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதும், உடைக்குள் கனமானதை வைத்துக்கொள்வதும் இந்த நோயில் சகஜம். எடையை நேரடியாக ஏற்றித் தரும் நம்பகமான மாத்திரை எதுவும் இல்லை.

கோவை, பெருந்துறை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

நீண்ட காலப் பின்தொடர்வுகளைத் தொகுத்த 2002 ஆய்வில், உயிரோடிருந்த நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் முழுமையாக மீண்டார்கள், மூன்றில் ஒருவர் தேறினார், ஐந்தில் ஒருவருக்கு நோய் நீடித்தது. மீண்டு வரும் காலத்தில் முகத்திலும் வயிற்றிலும் முதலில் சதை பிடிக்கும், கை கால் பின்னால்தான் தேறும். அந்த மாதங்களில்தான் ஒரு கல்யாண வீட்டில் அத்தையோ அமுச்சியோ கன்னத்தைத் தொட்டு, "இப்பத்தான் சாமி பூசினாப்புல இருக்கற" என்பார். மனசு நிறைந்து சொல்வது அது. அவள் காதில் 'குண்டாயிட்ட' என்றுதான் விழும், அன்று ராத்திரிச் சாப்பாடு நின்றுபோகும். சொந்தக்காரர்களுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்: உடம்பைப் பற்றி நல்லதாகவும் ஒரு சொல் வேண்டாம். "எப்ப வந்த அம்மிணி, எத்தனை நாள் லீவு?" என்று கேட்கட்டும்.